ஸ்டாண்டிலேயே ஓடிய மாப்பிள்ளை வண்டி

மோட்டார் சைக்கிளை 'நியூட்ரல்' என்று நாங்கள் அழைத்தவர் அளவுக்கு அதிக நேரம் ஓட்டியவர் அன்றைய தென்னாற்காடு ஜில்லாவில் கிடையாது. அவர் அளவுக்குக் குறைந்த தூரம் ஓட்டியவரும் கிடையாது. ஏறக்குறைய ஒரு வருஷ காலம் காலையிலும் சாயந்திரமும் தவறாமல் ஓட்டினார். வண்டி வாசலை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. இதை யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை. அந்த வருஷம் முழுக்க அவர் வீட்டுக்கு எதிர் மாடியில் படுத்துத் தூங்கப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்குத் திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு கிடையாது என்று திண்டிவனத்தில் சொல்லிவிட்டார்கள். விழுப்புரத்தில், ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில் மாடி ரூம் கேட்டவுடனே கிடைத்தது. தினம் பாசஞ்சரில் போய் வந்துவிடலாம். விழுப்புரத்துக்காரர்கள் தங்கமானவர்கள் என்று மெச்சிக்கொண்டு பெட்டியை இறக்கினேன். மறுநாள் விடியற்காலை ஜன்னல் கம்பி அதிர ஆரம்பித்தது. அறை உடனே கிடைத்ததன் காரணம் அப்போது புரிந்தது.

எட்டிப் பார்த்தேன். எதிர் வாசலில் பெரிய ஸ்டாண்டு போட்டு நிறுத்திய புத்தம் புது மோட்டார் சைக்கிள். எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டாம், டுப் டுப் என்ற சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதன்மேல் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர், காக்கிச் சட்டை, முகமெல்லாம் கரி, ஆக்சிலேட்டரைப் பிடித்தபடி நேரே சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. முன் சக்கரம் தேமே என்று தரையில் இருந்தது.

கீழே இறங்கிப் போய், "எங்கயாவது கிளம்புறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. ஓட்டிக்கினு இருக்கேன்" என்றார்.

அவருக்கு நியூட்ரல் என்று பெயர் வைத்தது அந்தத் தெருதான். பெரும்பாலான நேரம் வண்டியை நியூட்ரலில் போட்டு உறும விட்டு, பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தபால்காரரே 'நியூட்ரல் வீடு' என்றுதான் கேட்டு வருவார். ரயில்வே லோகோ ஷெட்டில் அவருக்கு வேலை. கரி இன்ஜின்கள் ராத்திரி ஷெட்டுக்கு வந்து நின்றாலும் அடுப்பு அணையக் கூடாது. காலையில் டிரைவர் வரும்போது நீராவி தயாராக இருக்க வேண்டும். ராத்திரியெல்லாம் கண் விழித்து அந்த நெருப்பைக் காப்பாற்றுவது அவருடைய பொறுப்பு. பொழுது விடிந்ததும் வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல், மோட்டார் சைக்கிளை உதைப்பார்.

ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் புகார் செய்தேன். "அது மாப்பிள்ளை வண்டி சார். ஒண்ணும் சொல்ல முடியாது" என்று கையை விரித்துவிட்டார்.

மாப்பிள்ளை வண்டி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று எழுதத்தான் ஆசை. புரியும். நியூட்ரலுக்குத் தேவகி என்று ஒரே பெண். தாய் இல்லை. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் இருந்தாள். திண்டிவனத்தில் வரன் அமைந்தது. அவர்கள் எதுவும் கேட்கவில்லை. 'உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதுதானே' என்று மட்டும் சொன்னார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே வண்டியின் மாடல், கலர், எந்தப் பக்கம் கண்ணாடி எல்லாம் சொல்லிவிட்டார்கள். கோலியனூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற துண்டு நிலம் ஒன்று நியூட்ரலுக்கு இருந்தது. அது போய் வண்டி வந்தது.

வந்த விதம் இன்னும் விசேஷம். அந்த மனுஷனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. தெரிந்தவனை ஓட்டி வரச் சொல்லலாம் என்றால் மீட்டர் ஏறிவிடும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வண்டியின் மீட்டரில் வரிசையாக சைபர் இருக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம். ஆகவே பாண்டிச்சேரி ஷோரூமிலிருந்து கோலியனூர் கூட்ரோடு வரை லாரியில் வந்து, அங்கிருந்து சொந்தக்காரர் மாட்டு வண்டியில் வைக்கோலுக்கு நடுவே மாலை மரியாதையுடன் மோட்டார் சைக்கிள் விழுப்புரம் வந்து சேர்ந்தது.

வண்டி வந்த மாசமே மாப்பிள்ளையின் பெரியப்பா காலமாகிவிட்டார். பங்காளி வீட்டுச் சாவு. வருஷம் திரும்பாமல் கல்யாணம் கூடாது என்றார்கள். வேறொருவராக இருந்தால் வண்டிக்குக் கோணிச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். இவர் லோகோ ஷெட்காரர்.

"ஆறிப் போன இன்ஜினும் பொணமும் ஒண்ணு தம்பி" என்று என்னிடம் விளக்கினார். "புது இன்ஜின் வேற. இறுக்கமா இருக்கும். ஓட்டிப் பழக்கணும். மாப்பிள்ளைக்கு அந்தப் பேஜாரு இன்னாத்துக்கு? நாமளே பழக்கிக் குடுத்துட்டா அவரு ஏறி ஒக்காந்து போயிக்கினே இருக்கலாம்."

"ஓட்டினா மீட்டர் ஏறுமே?"

கரி படிந்த முகத்தில் பல் பளீரென்றது. "இங்கதான் விசயம் இருக்குது. இந்த வண்டிக்கு மீட்டரு முன் சக்கரத்துல இருந்துதான் ஓடும். ஸ்டாண்டு போட்டு கியரைப் போட்டா பின் சக்கரம் மட்டுந்தான் சுத்தும். எத்தினி நாளு ஓட்டினாலும் மீட்டரு சைபர்தான்!"

இதைக் கண்டுபிடித்ததற்கு அவருக்கு யாராவது சால்வை போர்த்தினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்த மாதிரி நின்றார். நான் போர்த்தவில்லை. தூக்கம் கெட்ட எரிச்சல். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஓடியதாகவும் இருக்க வேண்டும், ஓடாததாகவும் இருக்க வேண்டும். நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணிடம் எதிர்பார்க்கிற எல்லாமே இந்த ரகம்தான். படித்திருக்க வேண்டும், வெளியே போயிருக்கக் கூடாது. வண்டியில் மட்டும்தான் அவர் அதைச் சாதித்துக் காட்டினார்.

பெட்ரோலுக்கு பங்க் போக வேண்டுமே? சைக்கிளில் போவார். கேரியரில் டின்னைக் கட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் வாங்க சைக்கிள் மிதித்துப் போன மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன். டீ குடிக்கப் போகும்போது இன்ஜின் நின்றுவிடக் கூடாது என்று ஆக்சிலேட்டர் பிடியை ஒரு சணல் கயிற்றால் லேசாக முறுக்கிக் கட்டிவிட்டுப் போவார். கார்பரேட்டரில் ஸ்லோ ஸ்பீடு வைக்கிற ஸ்க்ரூ ஒன்று உண்டு. ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் அணையாமல் முனகிக்கொண்டிருப்பதற்கான ஸ்க்ரூ. அதை எல்லாரும் கொஞ்சம் திருகுவார்கள். இவர் எக்கச்சக்கமாகத் திருகி வைத்திருந்தார். வண்டி முனகாது. அலறும்.

திண்டிவனம் ரோட்டில் கடை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் ஒரு நாள் அந்த வழியாகப் போனவர், சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டார். இன்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னா பெரியவரே, அடுப்பு மாதிரி கொதிக்குது! இது காத்துல ஆறற இன்ஜினுங்க. ரோட்டுல ஓடினாத்தான் எதிர்க்காத்து அடிச்சி சூடு எறங்கும். நின்ன எடத்துலயே உறும வுட்டா சூடு எங்க போவும்?"

"காத்து வேணுங்கிறியா?"

"ஆமாங்க."

"அவ்ளோதானே? ஜல்தி பண்ணிடறேன்" என்று நியூட்ரல் உள்ளே போய், வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து முக்காலியில் வைத்து இன்ஜினுக்கு நேராகத் திருப்பிவிட்டார். மெக்கானிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் வழியே போய்விட்டார்.

அன்று முதல் அந்த வீட்டில் மின்விசிறி வண்டிக்கு, பனையோலை விசிறி தேவகிக்கு. சித்திரை மாசத்து விழுப்புரத்தை அனுபவித்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். ஒரு நாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அடுத்த ஜென்மத்துல வண்டியாப் பொறக்கணும் சார். பெட்ரோலு, ஆயிலு, காத்து, எல்லாம் வேளா வேளைக்குக் கெடைக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்காக அவரை மனசில் ஈரமில்லாதவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தெருவில் பலர் அப்படித்தான் கட்டினார்கள். அந்தச் சித்திரையில் எனக்கு நல்ல காய்ச்சல். ஆபீசுக்கு லீவு போட்டு மாடியில் சுருண்டு கிடந்தேன். நியூட்ரல் ஏறி வந்து நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "பிரஷர் ஏறிப் போச்சி" என்றார். இறங்கிப் போனவர் அந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலருகே வைத்தார். காய்ச்சல் விடும்வரை வண்டியை அவர் ஸ்டார்ட் செய்யவில்லை. கேப்பைக் கஞ்சி தேவகி கையால் வரும். தூக்கம் சுகமாக வந்தது. காய்ச்சல் இன்னும் நாலு நாள் இருக்கக் கூடாதா என்றிருந்தது. வாடகைக்குக் குடியிருப்பவன் உடம்பைப் பற்றி ஹவுஸ் ஓனர் அம்மாவே விசாரிக்காத தெரு அது.

இப்போது மாப்பிள்ளை. அவன் என் அலுவலகத்திலேயே பக்கத்து செக்‌ஷனில் இருந்தான். இதுதான் என் கஷ்டகாலம். எதிர் வீட்டுக்காரன் என்று தெரிந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு தரமாவது என் மேஜைக்கு வந்துவிடுவான். சட்டைப் பையில் சீப்பு, கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டை.

"என்னா சார், நம்ம வண்டி எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்கு."

"யாரும் தொடலையே?"

"யாரும் தொடலை. தேவகியும் நல்லா இருக்காங்க."

"யாரு?" என்று ஒரு நொடி புருவத்தைச் சுருக்குவான். "ஓ... ஆமாமா."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபைலைப் பிரிப்பேன். சாயந்திரம் ஊர் திரும்பினால் நியூட்ரல் வாசலிலேயே மடக்குவார். "மாப்பிள்ளை இன்னா சொன்னாரு தம்பி?" முகத்தில் அப்படி ஓர் ஆவல். "எல்லாரையும் விசாரிச்சார்" என்பேன். வண்டியின் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்பார். உள்ளே தேவகி கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆடி முடிந்த சமயத்தில் புதுத் தொல்லை ஒன்று முளைத்தது. இன்ஜினிலிருந்து கிளம்புகிற சைலன்சர் குழாய், கண்ணாடி மாதிரி பளபளத்தது, மெல்ல மஞ்சளாகி, பிறகு கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. சூடு தாங்காத குழாய் அப்படித்தான் நிறம் மாறும். நியூட்ரல் புளியைப் போட்டுத் தேய்த்தார். சாம்பலைப் போட்டுத் தேய்த்தார். புளிக்கும் சாம்பலுக்கும் குத்துவிளக்கு பளபளக்கும், குழாய் பளபளக்கவில்லை. கடைசியில் மஞ்சள் துணி ஒன்றைச் சுற்றி, சாமி காரியம் மாதிரி ஆக்கிவிட்டார். ஸ்டார்ட் செய்தால் துணி தீய்ந்துபோகும். புதுசு சுற்றுவார்.

"இனிமே இதை ஓட விடாதீங்கய்யா. கொஞ்ச நாள் தூங்கட்டும்" என்று நானே கெஞ்சினேன்.

"இவ்ளோ நாளு காப்பாத்தி இப்ப வுடச் சொல்றியா தம்பி? எம் பொண்ணு போற வூட்டுல, மொத ஒதையிலயே கெளம்பணும். 'உங்கப்பன் குடுத்த வண்டி இழுக்க மாட்டேங்குது'ன்னு ஒரு வார்த்தை அவளை யாரும் கேட்டுடக் கூடாது."

அதுதான் விஷயம். அந்தச் சத்தம் முழுக்க, கரி முழுக்க, கயிறு முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான். புகுந்த வீட்டில் ஒரு பெண்ணை எதை வைத்தெல்லாம் குத்துவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாப் பக்கமும் அடைக்க முடியாது. ஒரு பக்கத்தையாவது அடைக்கலாம் என்று அந்த மனுஷன் வருஷம் முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தார்.

வருஷம் திரும்பியது. மாப்பிள்ளையும் அவன் அப்பாவும் வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, கல்யாணத் தேதியும் குறித்துவிட்டுப் போவதாகத் தகவல் வந்தது. பெண்ணைப் பார்த்துவிட்டு என்று சொல்லவில்லை. அவளை ஏற்கெனவே பார்த்துவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை. தெருவே கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஹவுஸ் ஓனர் அம்மா தேவகிக்குப் பட்டுப் புடவை கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நியூட்ரல் வெள்ளை வேட்டியில், முகம் கழுவியிருந்தார். எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. டிரைவர் வருமுன் இன்ஜின் தயாராக இருக்க வேண்டும் அல்லவா, விடிந்ததுமே வண்டியை ஸ்டார்ட் செய்து, ஃபேனைப் போட்டு, கயிற்றையும் கட்டிவிட்டார். ஒன்பதுக்கு வருவதாகச் சொன்னவர்கள் பத்துக்கும் வரவில்லை. நல்ல நேரம் பார்த்துத்தான் கிளம்புவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. நியூட்ரல் அவர்களை எதிர்கொள்ள பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டார். பட்டுப் பாவாடை கட்டிய தெருப் பிள்ளைகள் இன்ஜின்மேல் பச்சை மல்லாட்டையை வைத்து வறுத்துத் தின்றுகொண்டிருந்தன. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். நானும் இரண்டு தின்றேன்.

பதினோரு மணிக்கு கரண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் கரண்டு போவது செய்தியே இல்லை. ஃபேன் மூன்று சுற்று சுற்றி நின்றது. நான் மாடியில் சவரம் செய்துகொண்டிருந்தேன். டுப் டுப் என்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, வெறி பிடித்தாற்போல் ஓடியது. தேவகி பட்டுப் புடவையோடு வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். "சார், சத்தம் மாறுது! நிறுத்துங்க சார்!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். ஒரு வருஷம் கேட்டவளுக்குத் தெரியாதா? சோப்பு நுரையோடு நான் படியிறங்கும்போது, "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்துட்டாங்க, உள்ள போ" என்று ஹவுஸ் ஓனர் அம்மா அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

தெருமுனையில் நியூட்ரல் முன்னால் நடந்து வந்தார். பின்னால் மாப்பிள்ளை, அவன் அப்பா. ஆயில் கருகுகிற நாற்றம் தெருவெல்லாம் அடித்தது. நியூட்ரலுக்கு அந்த நாற்றம் ஷெட்டில் பழக்கம்தானே, மூக்கில் உறைக்கவில்லை. நான் வண்டியில் கை வைப்பதற்குள் ஓடி வந்து கயிற்றை அவிழ்த்து, "கேளுங்க சம்பந்தி!" என்று ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினார். கர்ர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பிஸ்டன் ஜாம். ஒரு வருஷத்து டுப் டுப் அதோடு நின்றது.

உதைத்தார். கிக்கர் அசையவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஏறியே நின்றார். கல்லில் ஏறி நின்ற மாதிரிதான் இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா குனிந்தார். மஞ்சள் துணியைக் குச்சியால் விலக்கினார். கத்தரிக்காய் நிறக் குழாயைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"மீட்டர் கேபிளைக் கழட்டிப் போட்டுட்டு எத்தினி மாசம் ஓட்டினீங்க?"

"ஐயோ, ஓட்டவே இல்லீங்க சம்பந்தி! ஸ்டாண்டுலயே..."

"ஸ்டாண்டுலயே?"

"ஆமாங்க, நின்ன எடத்துலயே ஓட்டினாருங்க" என்று தெருவே சாட்சி சொன்னது. "ஒரு வருசமா டெய்லி ஓட்டினாருங்க. ஃபேன்கூட வெச்சாருங்க!" சொல்லச் சொல்ல மாப்பிள்ளையின் அப்பா முகம் இறுகியது. இந்த உலகத்தில் எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருப்பார். உண்மையைச் சொன்னதால் காரியம் கெட்டது.

"டூப்ளிகேட் வேலை" என்றான் மாப்பிள்ளை, கேசரித் தட்டை வாங்கிக்கொண்டே.

உள்ளே உட்கார வைத்தார்கள். தேவகி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். வேறு புது வண்டி புக் பண்ணி ரசீதைக் காட்டினால்தான் தேதி என்றார் அப்பா. நியூட்ரல் கைகூப்பினார். "பண்ணிடறேங்க. இருக்கிற வூட்டை எதுனா பண்ணி..." என்றார். அந்த வீடே ஓட்டு வீடு, அதிலும் பாதி தம்பிக்குப் பாத்தியதை. அவர் அதையும் செய்திருப்பார். கூப்பிய கையை இறக்கவே இல்லை.

அவர்கள் அதோடு விட்டிருந்தால் தேவகி அந்த வீட்டுக்குப் போயிருப்பாள். பெரிய மனுஷன் விடவில்லை. எழுந்து துண்டை உதறிக்கொண்டே சொன்னார்:

"வண்டியவே மீட்டர் கழட்டிட்டு ஓட வுட்டவன். தாயில்லாப் பொண்ணை எப்பிடி வெச்சிருந்தியோ. அது எங்கெங்க ஓடிச்சோ, யாரு கண்டா."

கேசரி மென்றுகொண்டிருந்த மாப்பிள்ளை சிரித்தான்.

நியூட்ரலின் கை பிரிந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்த மாதிரிகூட இல்லை. ஷெட்டில் நெருப்பைப் பார்க்கிற நிதானத்தோடு அந்தப் பெரிய மனுஷனைப் பார்த்தார்.

"வண்டிக்குத்தான்யா மீட்டரு" என்றார். "வெளிய போ."

"யாரைப் பாத்து... யோசிச்சிப் பேசு!"

"போடா" என்றார். ஒரு வருஷமாக மரியாதை குறைந்து அந்த வீட்டாரைப் பற்றி ஒரு வாக்கியம் பேசாத மனிதர். "பஸ்ஸு இருக்குது. ரெண்டு பேரும் எழுந்து போங்கடா."

போனார்கள். மாப்பிள்ளை கேசரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தான். மறுநாள் அலுவலகத்தில் நேரே என் மேஜைக்கு வந்தான். மன்னிப்புக் கேட்க வருகிறான் என்று முட்டாள்தனமாக நினைத்தேன். "சார், ஆனது ஆச்சி. அந்த வண்டியை விக்கறதா இருந்தா சொல்லுங்க. இன்ஜினை போர் பண்ணிட்டா ஓடும்" என்றான். நான் அவனை என்ன சொன்னேன் என்பதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

தெரு என்ன சொன்னது தெரியுமா? வண்டிப் பைத்தியம் பிடித்துப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டான் என்றது. அன்றைக்கு வாசலில் நின்று எல்லாவற்றையும் காதால் கேட்ட அதே தெரு. ஹவுஸ் ஓனர் அம்மா, "ஆம்பளைங்க ஆயிரம் பேசுவாங்க, இவரு கொஞ்சம் பொறுத்துக்கினு போயிருக்கலாம்" என்றார். நான் அந்த மாசமே ரூமைக் காலி செய்துவிடலாமா என்று பார்த்தேன். காலி செய்தால் அவருக்குப் பேசக்கூட ஆள் இல்லாமல் போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

தை மாசம் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. வேறு வண்டியும் வந்தது. அதன் மீட்டரில் சைபர் இருந்ததாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். மழைக்காலம் வருவதற்குள் அந்தப் பெண் ஒரு நாள் கையில் துணிப்பையோடு எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றாள். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. புருஷனைக் கூப்பிடச் சொன்னாள். அவன் பின்பக்க கேட் வழியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மத்தியானம் வரை நின்றுவிட்டு அவள் மயிலம் பஸ் ஏறிப் போனாள். திரும்பி வந்ததாகத் தெரியவில்லை.

அன்று சாயந்திரமே நியூட்ரலிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். "தேவகி தப்பிச்சாய்யா. நீங்கதான் காப்பாத்தினீங்க" என்றேன்.

கேட்டுக்கொண்டார். "அந்தப் பொண்ணு பாவம்" என்றார். அப்புறம் மெதுவாக, "ஸ்லோ ஸ்க்ரூவைக் கொஞ்சம் எறக்கி வெச்சிருக்கணும் தம்பி. எல்லாம் அதனால வந்தது" என்றார்.

நான் என்ன சொல்லியும் அவர் நம்பவில்லை. தேவகி சொல்லியும் நம்பவில்லை. அவளுக்குத் திண்டிவனத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, நாங்கள் ஒரே பாசஞ்சரில் போய் வந்தபோது ஒரு தடவை சொன்னாள்: "எங்க நைனா எம் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்குது சார். எனக்கு அன்னிக்கு எவ்ளோ நிம்மதியா இருந்திச்சின்னு எப்பிடிச் சொன்னாலும் அதுக்கு ஏற மாட்டேங்குது."

சில வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அந்த மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. கேட்டார்கள். இந்தத் தடவை ஃபிரிட்ஜ். நியூட்ரல் அதைக் கல்யாணத்துக்கு முதல் நாள் வாங்கினார். பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

அதற்குள் எனக்கு மாற்றலாகிவிட்டது. அவர் காலமான செய்தி தாமதமாகத்தான் வந்தது. கடைசிவரை பெண்ணின் முதல் கல்யாணத்தைக் கெடுத்தது தான்தான் என்ற நினைப்போடே போயிருக்கிறார். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பேச்சை ஆரம்பிப்பதற்குமுன், 'நாங்க எதுவும் கேட்கலை, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதுதானே' என்றார்கள். நான் படித்தவன், பத்திரிகையில் எழுதுகிறவன். கை தானாகக் கூப்பிக்கொண்டது. பக்கத்து நாற்காலியில் அந்தக் காக்கிச் சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு தைரியமாக இருந்திருக்கும் என்று அந்த நிமிஷம் ஏங்கினேன்.